பிளஸ் டூ முடிச்சுட்டு சட்டம் படிக்கலாமா? பிள்ளைங்களும் பெத்தவங்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மே மாசம் ரிசல்ட் வந்துட்டா கோர்ட் பக்கம் இருக்கிற எங்கள மாதிரி ஆளுங்களுக்கு போன் வர ஆரம்பிச்சுடும், "அண்ணே, பொண்ணு 480 வாங்கியிருக்கா, லா சேர்த்துவிடலாமா"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றத ஒரே இடத்துல எழுதி வெச்சா நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்னுதான் இது. தமிழ்நாட்டுல படிச்சு இங்கயே தொழில் பண்ண நினைக்கிற பிள்ளைங்கள மனசுல வெச்சு எழுதியிருக்கேன், முக்கியமா வீட்டுல வக்கீலே இல்லாத பிள்ளைங்களுக்கு. நான் ஜில்லா கோர்ட்ல சிவில் பக்கம் பிராக்டிஸ் பண்றவன், அதனால அந்தப் பக்கத்து உதாரணம்தான் அதிகம் வரும்.

பிளஸ் டூ முடிச்ச உடனே சேரலாமா, இல்ல ஒரு டிகிரி முடிச்சாதான் சேர முடியுமா?

ரெண்டு வழியும் இருக்கு. பிளஸ் டூ முடிச்சதும் நேரா அஞ்சு வருஷ படிப்பு, இதுல ஒரு டிகிரியும் சட்டமும் சேர்ந்தே வந்துடும், பி.ஏ. எல்.எல்.பி., பி.காம். எல்.எல்.பி. அப்படின்னு. இல்லன்னா பி.எஸ்சி.யோ பி.இ.யோ ஏதாவது ஒரு டிகிரிய முடிச்சுட்டு மூணு வருஷ எல்.எல்.பி. ரெண்டுமே 1961 வக்கீல்கள் சட்டத்துப்படி, வக்கீல் படிப்புக்கும் தொழிலுக்கும் விதி போடுற பார் கவுன்சில் ஆஃப் இந்தியா ஒத்துக்கிட்ட படிப்புதான், ரெண்டுல எது படிச்சாலும் கடைசியில போடுறது ஒரே கவுன்தான். பழைய ஆளுங்க பி.எல்.னு சொல்றதும் இப்ப எல்.எல்.பி.ன்னு வர்றதும் ஒண்ணுதான், அதுக்காக யாரும் குழம்ப வேண்டாம்.

அஞ்சு வருஷமா, டிகிரி பிளஸ் மூணு வருஷமா, எது நல்லது?

வக்கீல் ஆகணும்னு பிள்ளைக்கு இப்பவே ஆசை இருந்தா அஞ்சு வருஷம். ஒரு வருஷம் மிச்சம், அதவிட முக்கியம் அஞ்சு வருஷமும் சட்டப் புத்தகம், கோர்ட், சீனியர்னு அந்த சூழ்நிலையிலேயே இருப்பாங்க. ஆசை இருக்கா இல்லையான்னே தெரியல, அப்பா சொன்னாருன்னு வர்றாங்கன்னா தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க, பிடிச்ச ஒரு டிகிரிய முடிக்கட்டும், 21 வயசுல அவங்களே முடிவு பண்ணட்டும். ஏன் சொல்றேன்னா அஞ்சு வருஷ படிப்புல பாதியில இறங்க வழி கிடையாது, மூணு வருஷம் முடிச்சுட்டேன் பி.ஏ. டிகிரிய மட்டும் குடுங்கன்னு கேட்டா குடுக்க மாட்டாங்க, பார் கவுன்சில் விதியிலயே அது கிடையாது. இது தெரியாம மூணாவது வருஷத்துல நின்னுட்டு வெறும் பிளஸ் டூ சர்டிபிகேட்டோட நிக்கிற பிள்ளைங்க இருக்காங்க.

இன்ஜினியரிங்கோ பயாலஜியோ படிச்சுட்டு மூணு வருஷ லா வர்றவங்களுக்கும் ஒரு பலம் இருக்கு. காப்புரிமை கேஸ், மருத்துவக் கவனக்குறைவு கேஸ் எல்லாம் வரும்போது அந்த முதல் டிகிரி நல்லா கை கொடுக்கும்.

பிளஸ் டூல எந்த குரூப் எடுத்திருக்கணும்? மார்க் எவ்வளவு வேணும்?

எந்த குரூப்பா இருந்தாலும் சரி. சயின்ஸ், காமர்ஸ், ஆர்ட்ஸ், தொழிற்கல்விப் பிரிவு, எல்லாருக்கும் வாசல் திறந்துதான் இருக்கு. அரசு சட்டக் கல்லூரிகள்ல அஞ்சு வருஷ படிப்புக்கு விண்ணப்பிக்க 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைங்களுக்கு 40 சதவீதம். இது விண்ணப்பம் போடத்தான், சீட் கிடைக்கிறது கட் ஆஃப பொறுத்தது, அது இத விட நிறைய மேல இருக்கும். சென்னை பெருங்குடியில இருக்கிற சீர்மிகு சட்டப் பள்ளிக்கு தகுதியே 70 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 60.

வயசு வரம்பு இருக்கா?

முன்னாடி பார் கவுன்சில் அஞ்சு வருஷ படிப்புக்கு 20 வயசு, மூணு வருஷ படிப்புக்கு 30 வயசுன்னு ஒரு கோடு போட்டிருந்தாங்க, 2017 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் அதுக்கு தடை போட்டுடுச்சு. அதனால ஒரு வருஷம் நீட்டுக்குப் படிச்சு வீணாப்போச்சு, இனிமே லா சேர முடியுமான்னு பயப்பட வேண்டாம். மூணு வருஷ படிப்புல ரிட்டயர்டு ஆனவங்க எல்லாம் பசங்களோட உக்காந்து படிக்கிறாங்க.

தமிழ்நாட்டுல எங்கெங்க படிக்கலாம்?

மொத்தமா மூணு வகையா பாருங்க.

ஒண்ணு, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அதுல சேர்ந்த கல்லூரிகளும். பல்கலைக்கழகத்தோட சொந்தக் கல்லூரிதான் மேல சொன்ன சீர்மிகு சட்டப் பள்ளி, அங்க பி.ஏ., பி.பி.ஏ., பி.காம்., பி.சி.ஏ. நாலோடயும் எல்.எல்.பி. ஹானர்ஸ் இருக்கு. அப்புறம் அரசு சட்டக் கல்லூரிகள்: மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, செங்கல்பட்டு, வேலூர், விழுப்புரம், தர்மபுரி, ராமநாதபுரம், சேலம், நாமக்கல், தேனி, காரைக்குடி. சென்னை ஹைகோர்ட் பக்கத்துல 1891ல ஆரம்பிச்ச பழைய சட்டக் கல்லூரி இப்ப ஊருக்கு வெளிய புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போயிடுச்சு, சென்னையில சீட் கிடைச்சிருக்குன்னு பாரிமுனையில ரூம் பார்க்கிறவங்க இத கவனிச்சுக்கோங்க. சேலத்துல சென்ட்ரல் லா காலேஜ்னு ஒரு பழைய தனியார் கல்லூரியும் இதே பல்கலைக்கழகத்துல சேர்ந்ததுதான். அரசு கல்லூரிகள்ல அஞ்சு வருஷம்னா பெரும்பாலும் பி.ஏ. எல்.எல்.பி.தான்.

ரெண்டு, திருச்சி நவலூர் குட்டப்பட்டுல இருக்கிற தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம். இதுக்கு பிளஸ் டூ மார்க் வெச்சு சீட் கிடையாது, கிளாட் பரீட்சை எழுதணும், அதப் பத்தி கீழ சொல்றேன்.

மூணு, தனியார் பல்கலைக்கழகங்கள். தஞ்சாவூர் சாஸ்த்ரா, சென்னையில வி.ஐ.டி., சவீதா, எஸ்.ஆர்.எம்., இப்படி. ஒவ்வொண்ணுக்கும் அட்மிஷன் முறை தனி, பீஸும் தனி.

பாண்டிச்சேரி காலாப்பட்டுல ஒரு அரசு சட்டக் கல்லூரி இருக்கு, அந்தப் பக்கத்து பிள்ளைங்க அதையும் பாருங்க.

அரசு கல்லூரிக்கு எப்படி விண்ணப்பிக்கறது?

என்ட்ரன்ஸ் கிடையாது. பிளஸ் டூ மார்க்தான். வழக்கமா ரிசல்ட் வர்ற சமயத்துலயே சட்டப் பல்கலைக்கழகத்து வெப்சைட்ல ஆன்லைன் விண்ணப்பம் திறப்பாங்க, அப்புறம் ரேங்க் லிஸ்ட், அப்புறம் கவுன்சிலிங். சீர்மிகு சட்டப் பள்ளிக்கு தனி விண்ணப்பம், மத்த கல்லூரிகளுக்கு தனி விண்ணப்பம், மார்க் இருந்தா ரெண்டையும் போட்டு வைங்க.

69 சதவீத இடஒதுக்கீடு இதுக்கும் உண்டு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. இதுபோக 2021ல கொண்டுவந்த சட்டத்துப்படி ஆறாவதுலேர்ந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைங்களுக்கு 7.5 சதவீதம் தனியா இருக்கு. எல்லாரும் இது மெடிக்கலுக்கும் இன்ஜினியரிங்குக்கும் மட்டும்னு நினைச்சுட்டு இருக்காங்க, சட்டப் படிப்புக்கும் உண்டு. அரசுப் பள்ளியில கிளாஸ் எடுக்கிற டீச்சருங்க யாராவது இத படிச்சா தயவுசெஞ்சு உங்க பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க, நிறைய பேருக்கு இது காதுலயே விழல.

சர்டிபிகேட் விஷயத்துல ஒண்ணு. சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் இ-சேவையில ஏப்ரல்லயே போட்டு வாங்கி வெச்சுடுங்க. மே, ஜூன்ல வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்னு மூணு மேசையிலயும் கூட்டம் நிக்கும், கவுன்சிலிங் தேதி உங்களுக்காக காத்திருக்காது.

பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ., எதோட சேர்த்து லா படிக்கறது?

கோர்ட்டுக்குப் போற ஆளுன்னா பி.ஏ. போதும், அரசியல், சரித்திரம், பொருளாதாரம், சமூகவியல் எல்லாம் சட்டத்த புரிஞ்சுக்க நேரடியா உதவும். வரி, ஜி.எஸ்.டி., கம்பெனி சட்டம் பக்கம் மனசு போகுதுன்னா பி.காம்., கூடவே கம்பெனி செக்ரட்டரி பரீட்சையும் எழுதலாம். கம்ப்யூட்டர்ல ஆர்வம் இருந்தா பி.சி.ஏ. நல்ல சேர்க்கை, சைபர் கிரைம் கேஸ்ல மின்னணு சாட்சியத்த புரிஞ்சு பேசுற வக்கீலுங்க இன்னும் கம்மிதான். ஆனா ஒண்ணு, முதல் ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் எல்லாருக்கும் சட்டப் பாடம் ஒண்ணேதான், சீட் கிடைச்சதுல சேருங்க, இதுக்காக ஒரு வருஷத்த விடாதீங்க.

கிளாட்னா என்ன? எழுதணுமா?

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் சேர்ந்து 2008லேர்ந்து நடத்துற பொதுப் பரீட்சை. பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா, திருச்சின்னு இருக்கிற கல்லூரிகளுக்கெல்லாம் இது ஒண்ணுதான் வழி. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் ஐலெட்னு தனியா வெச்சிருக்கு. கிளாட்ல 120 கேள்வி, ரெண்டு மணி நேரம், தப்புக்கு கால் மார்க் போகும். இங்கிலீஷ், நடப்புச் செய்தி, சட்டத் தர்க்கம், பொது தர்க்கம், கொஞ்சம் கணக்கு. சட்டம் முன்னாடியே படிச்சிருக்கணும்னு இல்ல, ஒரு பத்திய குடுத்து அதுல இருக்கிற விதிய வெச்சு பதில் கேப்பாங்க, அதனால வேகமா படிக்கிற பழக்கம்தான் இங்க எல்லாம்.

கவனிக்க வேண்டியது தேதி. இப்பல்லாம் டிசம்பர்லயே நடத்திடறாங்க, அதாவது பிளஸ் டூ பொதுத் தேர்வுக்கு முன்னாடியே. மே மாசம் ரிசல்ட் வந்துட்டு கிளாட் எழுதறேன்னா அந்த வருஷம் முடிஞ்சுபோச்சு. பிளஸ் ஒன்லயே பிள்ளைக்கு இந்த எண்ணம் வந்துட்டா நல்லது. தினம் ஒரு இங்கிலீஷ் பேப்பர் தலையங்கத்தோட ரெண்டு வருஷம் படிச்சா பாதி தயாரிப்பு அதுலயே முடிஞ்சிடும்.

எழுதணுமான்னா, பெரிய கம்பெனி வேலை, வெளிநாட்டு மேல்படிப்பு, டெல்லி பக்கம் பிராக்டிஸ்னு ஆசை இருந்தா கண்டிப்பா எழுதுங்க. ஆனா செலவு தெரிஞ்சுக்கிட்டு போங்க, தேசிய கல்லூரிகள்ல ஹாஸ்டலோட சேர்த்து வருஷத்துக்கு லட்சக்கணக்குல போகும், கல்விக் கடன் வாங்கித்தான் நிறைய பேர் படிக்கிறாங்க. திருச்சி கல்லூரியில தமிழ்நாட்டு பிள்ளைங்களுக்குன்னு தனி ஒதுக்கீடு இருக்கு, அத விடாதீங்க. கிளாட் கிடைக்கலன்னா வாழ்க்கை போச்சுன்னு மட்டும் அழாதீங்க. ஜில்லா கோர்ட்ல வந்து நின்னா நீ எந்த காலேஜ்னு ஜட்ஜ் கேக்க மாட்டாரு, கேஸ் கட்டு படிச்சுட்டு வந்தியான்னுதான் பார்ப்பாரு.

காலேஜ் போகாம, தபால்ல சட்டம் படிக்க முடியுமா? வேற ஸ்டேட்ல சேர்ந்தா அட்டெண்டன்ஸ் வேண்டாம்னு ஒருத்தர் சொல்றாரே?

முடியாது. இதுல மட்டும் நான் கொஞ்சம் கோபமாவே எழுதுவேன். தபால் வழியில எல்.எல்.பி. படிச்சு வக்கீலா பதிவு செய்யவே முடியாது. பி.ஜி.எல். மாதிரி பொதுச் சட்டப் படிப்ப தபால்ல படிச்சாலும் அது அறிவுக்குத்தான், கவுன் போட உதவாது. கிரிமினாலஜி, தடய அறிவியல் டிகிரி எல்லாமும் அப்படித்தான், நல்ல படிப்பு, ஆனா வக்கீல் படிப்பு இல்ல.

அட்டெண்டன்ஸ் ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீதம் வேணும், தகுந்த காரணம் இருந்தா 65 வரைக்கும் பார்த்து விடுவாங்க, அதுக்குக் கீழ போனா பரீட்சை எழுத விடக் கூடாதுங்கறது பார் கவுன்சில் விதி. இத மீறி "பீஸ் கட்டுங்க, பரீட்சைக்கு மட்டும் வாங்க, டிகிரி கையில"ன்னு ஒரு ஏஜென்ட் சொன்னா அவர் விக்கிறது காகிதம். பதிவுக்குப் போகும்போது சர்டிபிகேட் எல்லாம் சரிபார்ப்புக்குப் போகும். பல வருஷம் பிராக்டிஸ் பண்ணுனதுக்கு அப்புறம் கூட போலிச் சான்றிதழ்னு பதிவ ரத்து பண்ணியிருக்காங்க. ஒரு அப்பா நிலத்த அடமானம் வெச்சு இப்படி கட்டிட்டு என் ஆபீஸ் பெஞ்சுல வந்து உக்காந்து அழுதாரு, பணத்த திரும்பி வாங்கறதுக்கு நாங்க அவருக்காக ஒரு கேஸ் போட வேண்டியதாப்போச்சு. காலேஜுக்கு பார் கவுன்சில் அங்கீகாரம் இருக்கா, இந்த வருஷத்துக்கு இருக்கான்னு பார் கவுன்சில் ஆஃப் இந்தியா வெப்சைட்ல பேர் தேடிப் பார்த்துட்டு அப்புறம் பணம் கட்டுங்க.

ரெண்டு ரெகுலர் படிப்ப ஒரே நேரத்துல படிக்கிறதும் விதிப்படி கூடாது.

தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளை, இங்கிலீஷ் வராது. சமாளிக்க முடியுமா?

முடியும். இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அதிகமா எழுதணும்னு இருக்கு, ஏன்னா இங்கிலீஷுக்கு பயந்து லா பக்கமே வராம போன பிள்ளைங்க எத்தனையோ.

முதல்ல கோர்ட்ல என்ன மொழி நடக்குதுன்னு பாருங்க. தமிழ்நாட்டுல கீழ் கோர்ட்டுகளோட மொழி தமிழ்தான், 1976ல ஆட்சிமொழிச் சட்டத்த திருத்தி அப்படி கொண்டுவந்தாங்க. சாட்சி சொல்றது தமிழ், குறுக்கு விசாரணை தமிழ், பிராது தமிழ்ல போடலாம், தீர்ப்பும் தமிழ்ல வருது. ஒரு பாகப்பிரிவினை கேஸ்ல வயசான பாட்டிய கூண்டுல வெச்சு "உங்க மாமனார் காலமாகும்போது அந்தக் கிணத்துப் பங்கு யார் அனுபவத்துல இருந்துச்சு"ன்னு கேட்டு உண்மைய வெளிய கொண்டுவரணும்னா அந்த ஊரு தமிழ் தெரியணும். முறை, பங்காளி, தாய்மாமன் சீர், பொதுத் தடம், வாய்க்கால் தண்ணி முறைன்னு எல்லாம் தெரிஞ்ச கிராமத்துப் பிள்ளைக்கு இங்க பெரிய பலம் இருக்கு.

ஹைகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் இங்கிலீஷ்தான், அரசியல் சட்டம் 348ஆவது பிரிவு அப்படி. புத்தகங்கள், தீர்ப்புகள் பெரும்பாலும் இங்கிலீஷ். அதனால இங்கிலீஷே வேண்டாம்னு நான் சொல்லல, அத அஞ்சு வருஷத்துல வளர்த்துக்கலாம்னு சொல்றேன். ஒரு வழி சொல்றேன், நான் பார்த்த பிள்ளைங்களுக்கு நல்லா வேலை செஞ்சது: தினமும் சட்டத்துல ஒரே ஒரு பிரிவ எடுத்து இங்கிலீஷ்ல மூணு தரம் சத்தமா படிக்கணும், அப்புறம் மூடி வெச்சுட்டு அதையே சொந்தத் தமிழ்ல அம்மாவுக்கு சொல்ற மாதிரி எழுதணும், மறுநாள் அந்தத் தமிழ பார்த்து திரும்ப இங்கிலீஷ்ல எழுதி மூலத்தோட ஒப்பிடணும். ஒரு வருஷம் போனா சட்டத்து இங்கிலீஷ் நாக்குல தங்கிடும். சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள் சிலத இப்ப தமிழ்லயும் மொழிபெயர்த்துப் போடறாங்க, ரெண்டையும் பக்கத்துல வெச்சு படிக்கலாம்.

என்னதான் படிப்பாங்க இந்த அஞ்சு வருஷம்?

பத்து செமஸ்டர். ஆரம்பத்துல பி.ஏ. பாடங்கள், கூடவே ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் சட்டம், குடும்பச் சட்டம். அப்புறம் அரசியல் சட்டம், சொத்துரிமை மாற்றுச் சட்டம், குற்றவியல், சிவில் நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழிலாளர் சட்டம், கம்பெனி, வரி, சுற்றுச்சூழல்னு போகும். கடைசியில வரைவு எழுதுறது, தொழில் நெறி, சமரசம், மூட் கோர்ட் (மாதிரி கோர்ட்ல வாதாடுறது)னு செய்முறைப் பாடங்கள்.

இப்ப சேர்ற பிள்ளைங்களுக்கு ஒரு நல்ல நேரம். 2024 ஜூலை 1லேர்ந்து பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துடுச்சு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கும் சாட்சியச் சட்டத்துக்கும் கூட புதுசு வந்துடுச்சு. 302ன்னு நாங்க மனப்பாடமா சொல்ற கொலை இப்ப 103, 420 இப்ப 318. முப்பது வருஷ சீனியரும் புதுசா புரட்டிக்கிட்டு இருக்காரு, நீங்களும் புதுசாவே படிக்கிறீங்க. ஆனா பழசையும் விட்டுட முடியாது, அந்தத் தேதிக்கு முன்னாடி நடந்த குற்றத்துக்கு பழைய சட்டம்தான்.

கைடு மட்டும் படிச்சு பாஸ் பண்றவங்க நிறைய, அவங்கதான் கோர்ட்ல வந்து முழிக்கிறது. பேர் ஆக்ட் வாங்குங்க, அதாவது விளக்கம் ஏதும் இல்லாம சட்டம் மட்டும் அச்சடிச்ச புத்தகம். ஓரத்துல பென்சிலால குறிச்சுக் குறிச்சுப் படிங்க.

இன்டர்ன்ஷிப் எங்க போகணும்? எப்ப ஆரம்பிக்கலாம்?

பார் கவுன்சில் விதிப்படி அஞ்சு வருஷ படிப்புல மொத்தம் 20 வாரம், மூணு வருஷத்துல 12 வாரம். பசங்க எல்லாம் பெரிய ஊர்ல பெரிய ஆபீஸ் பேர் வேணும்னு தேடறாங்க. என் அபிப்பிராயம், முதல் ரெண்டு இன்டர்ன்ஷிப் உங்க தாலுகா கோர்ட்லயே பண்ணுங்க. ஹைகோர்ட்டு, கம்பெனி எல்லாம் அப்புறம்.

ஏன்னா இங்க ஒரு கேஸ் பிறக்கிறத கண்ணால பார்க்கலாம். ஒரு பாகப்பிரிவினை கேஸ எடுத்துக்கோங்க. கட்சிக்காரர் பழைய பத்திரம், பட்டா, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாத்தையும் மஞ்சப்பையில கொண்டுவந்து மேசையில கொட்டுவாரு. அத தேதி வாரியா அடுக்கி, வம்ச வழி படம் போட்டு, யாரு யாரு பங்குதாரர், யாரையாவது விட்டுட்டோமான்னு பார்க்கணும். அப்புறம் கோர்ட் கட்டணம். தமிழ்நாடு கோர்ட் கட்டணச் சட்டம் 37ஆவது பிரிவுல, வாதி சொத்துல கூட்டு அனுபவத்துல இருக்காருன்னா ஒரு சின்ன நிலையான தொகை, அவர அனுபவத்துலேர்ந்து வெளிய தள்ளிட்டாங்கன்னா பங்கோட மதிப்புக்கு சதவீதக் கணக்குல கட்டணும். பிராதுல ஒரு வரி எப்படி எழுதறோம்கிறதுல கட்சிக்காரருக்கு ஆயிரமா லட்சமான்னு மாறிடும், அதுவும் அந்த வரி உண்மையா இருக்கணும், எதிர்த்தரப்பு அதைத்தான் முதல்ல பிடிப்பாங்க. சொத்து விவரத்துல நாலெல்லை, சர்வே நம்பர் ஒண்ணு தப்பா இருந்தாலும் கேஸ் நம்பர் ஆகாம ரிட்டர்ன் வரும். கிளாஸ்ல இத ஒரு மணி நேரம் சொன்னாலும் புரியாது, ஒரு தடவை குமாஸ்தா அண்ணன் கூட பைலிங் கவுண்டர்ல நின்னா மறக்காது. குமாஸ்தாவ மதிங்க, தொழில்ல பாதிய அவங்ககிட்டதான் கத்துக்கணும்.

போகும்போது வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட் இல்ல வெள்ளை சுடிதார், கையில ஒரு நோட்டு. தினம் என்ன பார்த்தீங்கன்னு எழுதுங்க, டைரி மார்க்குக்கும் அது ஆகும்.

பொம்பளப் பிள்ளைக்கு இந்தத் தொழில் சரிவருமா?

இத அப்பாக்கள்தான் கேக்கறாங்க, பிள்ளைங்க கேக்கறதில்ல. தாராளமா வரும். இப்ப சட்டக் கல்லூரி கிளாஸ்ல பொண்ணுங்க நிறைஞ்சு இருக்காங்க, ஜில்லாவுக்கு ஜில்லா மகளிர் கோர்ட் இருக்கு, சிவில் ஜட்ஜ் தேர்வுலயும் பொண்ணுங்க நிறைய வர்றாங்க. கஷ்டம் இல்லாம இல்ல, சாயங்காலம் சீனியர் ஆபீஸ்ல லேட்டாகும், சின்ன கோர்ட்டுகள்ல பெண் வக்கீலுங்களுக்கு தனி ரூம், கழிப்பறை வசதி இன்னும் சரியா இல்லாத இடம் இருக்கு. அதுக்காக பிள்ளைய வீட்டுல நிறுத்தாதீங்க, அந்த வசதிய கேட்டு வாங்க வேண்டியது பார் அசோசியேஷன்ல இருக்கிற எங்க எல்லாரோட வேலை. சீனியர் யாருன்னு விசாரிச்சுட்டு சேருங்க, அது போதும்.

வீட்டுல யாரும் வக்கீல் இல்ல, பின்புலம் இல்லாம மேல வர முடியுமா?

பி.சதாசிவம் சாரப் பாருங்க. ஈரோடு மாவட்டத்துல விவசாயக் குடும்பம், அந்தக் குடும்பத்துல முதல் பட்டதாரி, மெட்ராஸ் அரசு சட்டக் கல்லூரியில படிச்சாரு, 1973ல வக்கீலா பதிவு பண்ணுனாரு, 2013ல இந்தியாவோட தலைமை நீதிபதி. எல்லாரும் அந்த நாற்காலிக்குப் போகப்போறதில்ல, ஆனா போற வழி உங்க ஊரு அரசு கல்லூரி வழியாவும் போகுது.

அப்பா வக்கீலா இருந்தா ஆபீஸும் கட்சிக்காரரும் ரெடியா கிடைக்கும், அது உண்மைதான். முதல் தலைமுறைக்கு அது கிடைக்க நாலஞ்சு வருஷம் கூட ஆகும். அந்த நாலஞ்சு வருஷத்த தாங்கறதுக்கு வீட்டுல முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க.

படிப்பு முடிஞ்சதும் என்ன பண்ணணும்?

தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில்ல பதிவு. இதுக்கு முன்னாடி பல ஸ்டேட்ல பத்தாயிரம், இருபதாயிரம்னு எல்லாம் வாங்கிட்டு இருந்தாங்க, 2024 ஜூலையில சுப்ரீம் கோர்ட் சட்டத்துல இருக்கிற தொகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு, 2010லேர்ந்து இருக்கு. 100 கேள்வி, 45 சதவீதம் எடுத்தா பாஸ், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. குறிப்பு இல்லாத பேர் ஆக்ட் உள்ள கொண்டுபோகலாம், தமிழ்லயும் எழுதலாம். அஞ்சு வருஷமும் பேர் ஆக்ட் புரட்டுன பிள்ளைக்கு இது ஒரு பொருட்டே இல்ல.

ஜூனியரா இருக்கும்போது சம்பளம் எவ்வளவு வரும்?

2024 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட் சொன்னது, சென்னை, மதுரை, கோவையில குறைஞ்சது 20,000, மத்த ஊர்ல 15,000 ஜூனியருக்கு மாசாமாசம் குடுக்கணும்னு. நிஜத்துல எல்லா ஆபீஸ்லயும் அது வரல. பஸ் காசும் சாப்பாடும் மட்டும் குடுக்கிற இடமும் இருக்கு, ஒழுங்கா குடுக்கிற சீனியரும் இருக்காங்க. சேரும்போதே கூச்சப்படாம கேளுங்க, எவ்வளவு, எந்தத் தேதின்னு. அடுத்த கேள்வியும் கேளுங்க: எனக்கு வாய்தா வாங்குற வேலை மட்டுமா, சாட்சி விசாரிக்க விடுவீங்களான்னு. ரெண்டாவது பதில்தான் உங்க பத்து வருஷத்த தீர்மானிக்கும்.

படிச்சு முடிச்ச உடனே ஜட்ஜ் ஆக முடியுமா?

முன்னாடி தமிழ்நாட்டுல மார்க் இருந்தா புதுசா முடிச்சவங்களும் சிவில் ஜட்ஜ் தேர்வு எழுத வழி இருந்தது. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் குறைஞ்சது மூணு வருஷம் வக்கீலா இருந்திருக்கணும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. கோச்சிங் சென்டர் விளம்பரத்த பார்த்து 22 வயசுல ஜட்ஜுன்னு கணக்கு போடாதீங்க. எனக்கு இது நல்ல தீர்ப்புன்னுதான் படுது, மூணு வருஷம் கட்சிக்காரர் முகத்த பார்த்தவங்க உக்கார்றது வேற மாதிரி இருக்கும். ஆனா வீட்டு கஷ்டத்துல படிச்ச பிள்ளைக்கு அந்த மூணு வருஷம் வருமானம் இல்லாம போறது பெரிய பாரம், அதனாலதான் மேல சொன்ன ஜூனியருக்கான மாசத் தொகை ஒழுங்கா வரணும்னு அடிச்சு சொல்றேன்.

உதவி அரசு வக்கீல் வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு உண்டு, அதுக்கு கிரிமினல் கோர்ட்ல அஞ்சு வருஷ பிராக்டிஸ் வேணும்.

கோர்ட்டுக்கே போகாத வேலை இருக்கா?

நிறைய. பேங்க் சட்ட அதிகாரி, கம்பெனிகள்ல ஒப்பந்தம் பார்க்கிற வேலை, ராணுவத்துல சட்டப் பிரிவு, எல்.எல்.எம். முடிச்சு ஆசிரியர் வேலை, மனித உரிமை அமைப்புகள். யு.பி.எஸ்.சி., குரூப் ஒன் எல்லாத்துக்கும் இந்த டிகிரி செல்லும், அரசியல் சட்டம் படிச்சது அங்க நல்லா உதவும்.

சேர்றதுக்கு முன்னாடி இருக்கிற இந்த லீவுல என்ன பண்ணலாம்?

ரெண்டு விஷயம். இந்திய அரசியல் சட்டத்தோட தமிழ் மொழிபெயர்ப்பு அரசே இலவசமா இணையத்துல போட்டிருக்கு, அதுல மூணாவது பாகம், அடிப்படை உரிமைகள் மட்டும் படிங்க, 12லேர்ந்து 35 வரைக்கும்.

அப்புறம் ஒரு நாள் பக்கத்து கோர்ட்டுக்குப் போங்க. யாரு வேணும்னாலும் உள்ள போய் உக்காரலாம், பெரும்பாலான கேஸ் திறந்த கோர்ட்லதான் நடக்கும், யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்ல. காலையில பத்தரைக்கு முன்னாடி போயிடுங்க, போன ஆஃப் பண்ணிட்டு பின் பெஞ்சுல உக்காருங்க. ஜட்ஜ் வரும்போது எல்லாரும் எழுந்தா நீங்களும் எழுந்திருங்க. முதல் ஒரு மணி நேரம் கேஸ் கூப்பிடறது, வாய்தா போடறதுன்னு வேகமா போகும், ஒண்ணும் புரியாது, கிளம்பிடாதீங்க. அதுக்கப்புறம்தான் சாட்சி விசாரணை ஆரம்பிக்கும்.